காரணிகளும் எட்டு வரி நிரலும்

36 என்ற எண்ணை மீதி இல்லாமல் வகுக்கும் எண்கள் எவை? 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36. மொத்தம் ஒன்பது. பள்ளிக்கூடத்தில் இவற்றைத்தான் 36-ன் காரணிகள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வாய்ப்பாடு தெரிந்த எந்தக் குழந்தையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும்.

சரி, 8051-க்குக் காரணிகள் எவை? இப்போது விரல்கள் தயங்கும். 2 இல்லை, 3 இல்லை, 5 இல்லை, 7 இல்லை... எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. (விடை: 83 × 97.) இப்படிச் சலிப்பூட்டும் வேலையைச் சலிக்காமல் செய்யத்தான் கணினி இருக்கிறது.

காரணி கண்டுபிடிக்கும் நிரல், நிரல் எழுதக் கற்பவர்கள் முதல் வாரத்திலோ இரண்டாவது வாரத்திலோ சந்திக்கும் நிரல்களில் ஒன்று. பி.காம். படிப்பில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் எடுத்தவர்களின் ரெகார்டு நோட்டிலும் இது பெரும்பாலும் இருக்கும். அங்கே அதற்கு நேர்வது என்னவென்றால், முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்து இந்த நோட்டுக்கு அரைப்புள்ளி கூடப் பிசகாமல் இடம் பெயரும், பிராக்டிகல் தேர்வன்று மனப்பாடமாக ஒப்பிக்கப்படும், மறுநாள் மறக்கப்படும். "நமக்கு டெபிட், கிரெடிட் போதும். இதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் வேலை" என்று ஒரு சமாதானமும் உண்டு.

அந்தச் சமாதானம் தவறு. இந்தச் சின்ன நிரலுக்குள் கணக்குப் புத்தகமும் இருக்கிறது, பழைய அணாவும் பைசாவும் இருக்கின்றன, ராமானுஜன் இருக்கிறார், ஆடிட்டர் அலுவலகத்தில் செருகும் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் நிரல்

கணினிக்குச் சொல்வதற்கு முன்னால் மனிதனுக்குச் சொல்வது போலத் தமிழிலேயே எழுதிப் பார்ப்பது நல்லது. "1-லிருந்து தொடங்கு. அந்த எண்ணால் வகுத்துப் பார். மீதி பூச்சியம் என்றால் அதை எழுதிக்கொள். அடுத்த எண்ணுக்குப் போ. கொடுத்த எண் வரும்வரை இதையே செய்." இவ்வளவுதான்!

இதையே அப்படியே தமிழில் நிரலாக எழுதவும் வழி இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல் மொழியில் கட்டளைச் சொற்கள் எல்லாமே தமிழ். பைத்தான் மொழியின் மேல் கட்டப்பட்டது. அந்தப் பாணியில் எழுதினால் இப்படி வரும்:

தொகை = 36
வகு = 1
@( வகு <= தொகை ) வரை
    @( (தொகை % வகு) == 0 ) ஆனால்
        பதிப்பி வகு
    முடி
    வகு = வகு + 1
முடி

எட்டே வரிகள். '%' என்பது சதவீதக் குறி அல்ல. (காமர்ஸ் படிப்பவர்கள் முதலில் அப்படித்தான் வாசிப்பார்கள்!) நிரல் மொழிகளில் அது 'வகுத்தால் வரும் மீதி'. 36 % 5 என்றால் 1. 36 % 4 என்றால் 0. '==' என்பது 'சமமா?' என்ற கேள்வி. ஒற்றை '=' என்பது கேள்வி அல்ல, 'இதில் இதைப் போட்டு வை' என்ற உத்தரவு. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான்.

இடறும் இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. 'வகு' 1-ல் தொடங்காமல் 0-ல் தொடங்கினால், கணினி முதல் அடியிலேயே பூச்சியத்தால் வகுக்கப் போய், பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். 'வகு = வகு + 1' என்ற வரியை மறந்துவிட்டால் பிழைச் செய்தியே வராது. நிரல் 1-ஐ மட்டும் திரை முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும், யாராவது நிறுத்தும்வரை. இரண்டாவது வகைப் பிழைதான் மோசமானது. முதலாவது கத்திவிட்டு நிற்கிறது. இரண்டாவது மும்முரமாக வேலை செய்வது போலக் காட்டிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிறது. அலுவலகங்களில் பார்த்திராத காட்சி அல்ல :-)

பாதி வேலை, வர்க்கமூல வேலை

நிரல் ஓடுகிறது. 36 கொடுத்தால் ஒன்பது எண்களும் வருகின்றன. மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் 100 கோடியே 7 (1000000007) என்ற எண்ணைக் கொடுத்தால்? நிரல் 100 கோடி முறைக்கு மேல் வகுத்துப் பார்க்கும். கணினி நொடிக்கு ஒரு கோடி முறை வகுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 100 நொடிகள் ஆகும். அது ஒரு பகா எண் என்பதால், அத்தனை உழைப்புக்குப் பிறகு கிடைப்பவை இரண்டே காரணிகள்: 1-ம் அதே எண்ணும்.

முதலில் தோன்றும் சிக்கனம் எளிமையானது. ஒரு எண்ணின் பாதிக்கு மேல், அந்த எண்ணைத் தவிர வேறு காரணி இருக்க முடியாது. 36-ன் பாதி 18. 19 முதல் 35 வரை வகுத்துப் பார்ப்பது வீண். ஆக, பாதி வரை ஓடினால் போதும். 100 நொடி 50 நொடியாகும்.

இரண்டாவது சிக்கனம்தான் அழகானது. அதைக் காமர்ஸ் மாணவர் ஒருவர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அது இரட்டைப் பதிவு முறை!

இரட்டைப் பதிவில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. தனியாக எதுவும் நிற்காது. காரணிகளும் அப்படித்தான். 36-ஐ 2 வகுக்கிறது என்றால் 18-ம் வகுத்தே ஆகவேண்டும், 2 × 18 = 36 என்பதால். இரண்டு பக்கமாக எழுதிப் பார்த்தால்:

1 — 36
2 — 18
3 — 12
4 — 9
6 — 6

இடப்பக்கம் ஏறிக்கொண்டே போகிறது, வலப்பக்கம் இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் 6, அதாவது 36-ன் வர்க்கமூலம். அதற்கு மேல் போனால் ஏற்கெனவே வலப்பக்கத்தில் பதிந்தவைதான் மறுபடி வரும். எனவே வர்க்கமூலம் வரை தேடினாலே எல்லாக் காரணிகளும் கைக்கு வந்துவிடும். 'வரை' வரியை மட்டும் இப்படி மாற்றினால் போதும்:

@( வகு * வகு <= தொகை ) வரை

பிறகு 'வகு' கிடைக்கும்போதெல்லாம் அதன் இணையான தொகை / வகு என்பதையும் சேர்த்துப் பதிப்பிக்க வேண்டும். 1000000007-ன் வர்க்கமூலம் 31,622 சொச்சம். 100 கோடி வகுத்தல்கள் இருந்த இடத்தில் இப்போது 31,622. அதே கணினியில் 100 நொடி ஆனது, ஒரு நொடியில் முந்நூறில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. புதுக் கணினி வாங்கவில்லை, மெமரி கூட்டவில்லை. காரணிகள் இணையாக வரும் என்ற ஒரு உண்மையைக் கவனித்தது மட்டும்தான் வித்தியாசம். முப்பதாயிரம் மடங்கு வேகத்தைக் கடையில் விற்கமாட்டார்கள்.

ஆனால் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறை தெரியும். 36 கொடுத்தால் 6 இரண்டு முறை வருகிறது! ஒரே வவுச்சரை இரண்டு முறை பதிந்த மாதிரி. இணையும் தானும் ஒன்றாக இருந்தால் ஒருமுறை மட்டும் பதிப்பி என்று ஒரு நிபந்தனை சேர்க்கவேண்டும்.

இந்தக் குறை எப்போது வரும் என்று யோசித்தால் இன்னொரு விஷயம் பிடிபடும். 4, 9, 16, 25, 36 போன்ற முழு வர்க்கங்களுக்கு மட்டுமே இது வரும். மற்ற எல்லா எண்களுக்கும் காரணிகள் ஜோடி ஜோடியாக நிற்பதால் அவற்றின் எண்ணிக்கை இரட்டைப்படை. முழு வர்க்கங்களுக்கு மட்டும் ஒற்றைப்படை. நூறு கதவுகளை நூறு பேர் மாற்றி மாற்றித் திறந்து மூடும் பழைய புதிர் ஒன்று உண்டு. முதலாமவர் எல்லாக் கதவுகளையும், இரண்டாமவர் இரண்டிரண்டாக, மூன்றாமவர் மும்மூன்றாக... கடைசியில் எத்தனை கதவுகள் திறந்திருக்கும்? விடை 10. ஒற்றைப்படைக் காரணிகள் கொண்டவை 1-லிருந்து 100 வரை பத்தே எண்கள். நிரலில் வந்த குறையைத் துரத்திக்கொண்டு போனால் புதிருக்கு விடை கிடைக்கிறது.

கணினி பொய் சொல்லும் இடம்

1640-களில் பியர் டி ஃபெர்மா ஒரு வகை எண்களைப் பற்றி ஓர் ஊகம் சொன்னார். 3, 5, 17, 257, 65537 என்று போகும் வரிசை. 2-ஐ 1, 2, 4, 8, 16 முறை பெருக்கி, அதோடு 1 கூட்டினால் வருபவை. இந்த ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று அவர் நம்பினார். அடுத்து வருவது 2-ஐ 32 முறை பெருக்கி 1 கூட்டிய எண்: 4294967297.

1732-ல் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார். 4294967297 = 641 × 6700417. இதற்கு 641 வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும் என்று ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை!

இந்த எண்ணை நம் காலத்து நிரலிடம் கொடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். சி மொழியில், 32 பிட் அளவுள்ள குறியில்லா முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. அதற்கு மேல் போனால் பழைய ஸ்கூட்டரின் மைல் மீட்டர் போல மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். 4294967297 அதற்குள் போகும்போது வெறும் 1 ஆகிவிடும். நிரல் கொஞ்சமும் கூச்சமில்லாமல் "காரணி: 1" என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளும். நிரலில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. பாத்திரம் சின்னது, அவ்வளவுதான்.

பைத்தானில் முழு எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு பெரிய எண்ணானாலும் இடம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அங்கேயும் சாதாரண '/' போட்டு வகுத்தால் விடை தசம எண்ணாக மாறி, பதினைந்து பதினாறு இலக்கங்களுக்கு மேல் துல்லியம் தேயத் தொடங்கும். முழு எண் வகுத்தலுக்கு '//' என்று இரண்டு கோடு போடவேண்டும். கணினி காட்டிய எண்ணை அப்படியே நம்பாமல், கிடைத்த காரணிகளைத் திருப்பிப் பெருக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். லெட்ஜர் எழுதி முடித்ததும் ட்ரையல் பேலன்ஸ் போடுவது எதற்காக? அதற்காகத்தான் இதுவும்.

ரூபாய்க்கு எத்தனை காரணிகள்?

எண்களுக்குக் காரணிகள் அதிகமாக இருப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். பங்கு பிரிப்பவர்களுக்கு லாபம்.

1957 ஏப்ரல் 1 அன்றுதான் இந்தியாவில் ரூபாய்க்கு நூறு காசு என்ற முறை வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அதாவது ரூபாய்க்கு 192 பை. நிரலில் 192-ஐக் கொடுத்துப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 32, 48, 64, 96, 192 என்று 14 காரணிகள். 100-ஐக் கொடுத்தால் 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100 என்று 9 மட்டுமே.

ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பிரிக்க வேண்டும் என்றால் அன்றைய கணக்குப்பிள்ளை யோசிக்கவே வேண்டாம். ஆளுக்கு 64 பை, அதாவது ஐந்தணா நாலு பை. மீதியே இல்லை. இன்று 33 காசு போக ஒரு காசு நிற்கும். ஆறு பேருக்கு இரண்டணா எட்டு பை, எட்டுப் பேருக்கு இரண்டணா. நூறு காசில் ஆறும் போகாது, எட்டும் போகாது.

அதற்காகப் பழைய முறையே உசத்தி என்று சொல்லிவிட முடியாது. ஐந்து பேருக்குப் பிரிக்க அது தடுமாறும், பத்துப் பேருக்கும் தடுமாறும். கூட்டல் கணக்கில் பையை அணாவாக்கி, அணாவை ரூபாயாக்கி எழுதுவதற்குள் பொழுது போய்விடும். நூறு காசு முறை கூட்டுவதற்கும் பெருக்குவதற்கும் வசதி; பழைய முறை பிரிப்பதற்கு வசதி. ஒரு டஜனுக்குப் பன்னிரண்டு, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று இன்றும் பிழைத்திருக்கும் அளவுகளைப் பார்த்தால் எல்லாமே காரணி நிறைந்த எண்கள். 60-க்கு 12, 360-க்கு 24.

இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர் ராமானுஜன். 1912-ல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தவர். (ரூபாய்க்கு 192 பை இருந்த காலம்!) 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1915-ல் இந்த எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. 1916-ல் அவருக்குப் பட்டம் கிடைத்ததும் இந்த ஆய்வுக்காகத்தான்.

அந்தக் கட்டுரையில் 6746328388800 வரை 102 எண்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. கடைசி எண்ணுக்குக் காரணிகள் 10080. எல்லாம் கையால் போட்டது. அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. அதற்கு 5040 காரணிகள். இதில் ஒரு வேடிக்கை, விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடும். பெருக்கிப் பாருங்கள்.

293318625600-ஐ வர்க்கமூல நிரலிடம் கொடுத்தால் ஐந்து லட்சத்து நாற்பத்தோராயிரம் முறைக்கு மேல் வகுக்கும். ராமானுஜன் அப்படி வகுத்துக்கொண்டிருக்கவில்லை. பகா எண்களாகப் பிரித்துப் பார்த்தார். பள்ளியில் 'காரணிச் செடி' வரைந்தார்களே, அதே வேலைதான். அதை நிரலாக்கினால்:

வகு = 2
@( வகு * வகு <= தொகை ) வரை
    @( (தொகை % வகு) == 0 ) ஆனால்
        பதிப்பி வகு
        தொகை = தொகை / வகு
    இல்லை
        வகு = வகு + 1
    முடி
முடி
பதிப்பி தொகை

காரணி கிடைத்ததும் அதை எண்ணிலிருந்து கழற்றிவிடுகிறோம், எண் சுருங்குகிறது, தேட வேண்டிய எல்லையும் சுருங்குகிறது. (பெரிய எண்களுக்கு இங்கும் முழு எண் வகுத்தல்தான் வேண்டும்.) 293318625600-க்கு இந்த நிரல் 17-க்கு மேல் போகவே போகாது! 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17. கடைசியில் மிஞ்சி நிற்பது 19. எத்தனை காரணிகள் என்று தெரிய, ஒவ்வொன்றும் வரும் தடவையோடு 1 கூட்டிப் பெருக்கினால் போதும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. ஐந்து லட்சம் வகுத்தல்கள் எங்கே, ஐம்பதுக்கும் குறைவான வகுத்தல்கள் எங்கே!

முடியாத இடம்

இந்த நிரல் எல்லா எண்களுக்கும் இப்படிப் பறக்காது. சின்னக் காரணிகள் இருந்தால்தான் வேகம். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண் என்றால், சின்ன எண்களில் எதுவும் கழறாது. கடைசிவரை தேடத்தான் வேண்டும்.

2-ஐ 67 முறை பெருக்கி 1 கழித்தால் 147573952589676412927. 1644-ல் மெர்சென் இதைப் பகா எண் பட்டியலில் வைத்தார். 1876-ல் லூக்காஸ் இது பகா எண் இல்லை என்று நிறுவினார். ஆனால் காரணி என்ன என்று அவராலும் சொல்ல முடியவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்பவர் 193707721 × 761838257287 என்று காட்டினார். கரும்பலகையில் ஒரு பக்கம் அந்த எண்ணையும், மறுபக்கம் இந்தப் பெருக்கலையும் ஒரு வார்த்தை பேசாமல் போட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று கணித வரலாறு எழுதிய எரிக் டெம்பிள் பெல் சொல்கிறார். எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு 'மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்' என்று பதில் வந்ததாம். நொடிக்கு ஒரு கோடி வகுத்தல் செய்யும் கணினியில் நம் பத்து வரி நிரல் இதை ஏறக்குறைய இருபது நொடியில் கண்டுபிடித்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது லூக்காஸ் செய்தது. 'இதற்குக் காரணி உண்டு' என்று சொல்ல, காரணியைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை! இரண்டும் வேறு வேறு வேலைகள். 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்பதை எந்த எண்ணுக்கும் நியாயமான நேரத்தில் உறுதியாகச் சொல்லும் வழிமுறையை வெளியிட்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்த இளைஞர்கள். ஆனால் அவர்களின் வழிமுறையும் 'ஆம்', 'இல்லை' என்றுதான் சொல்லும். காரணி எது என்று சொல்லாது.

இந்த இடைவெளியில்தான் இன்றைய வணிகத்தின் ஒரு பெரிய பகுதி நிற்கிறது.

1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் அமைத்த ஆர்.எஸ்.ஏ. முறை இதுதான்: இரண்டு பெரிய பகா எண்களை எடு. பெருக்கு. பெருக்கிய எண்ணை ஊருக்கே சொல்லிவிடு. அந்த இரண்டு காரணிகளை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள். பெருக்குவது எவருக்கும் எளிது. பெருக்கியதைப் பிரிப்பது, காரணி தெரிந்தவரைத் தவிர யாருக்கும் ஆகாது.

ஆடிட்டர் அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் பென்டிரைவ் போன்ற ஒரு டோக்கனைப் பார்த்திருப்பார்கள். கம்பெனி கணக்குகளைத் தாக்கல் செய்யும்போது அதைச் செருகிக் கடவுச்சொல் போட்டால் இயக்குநரின் டிஜிட்டல் கையொப்பம் விழும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்தக் கையொப்பத்துக்குச் சட்டத் தகுதி கொடுக்கிறது. இந்தியாவில் இந்தச் சான்றிதழ்களில் 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவிகள் புழக்கத்தில் உள்ளவை. 2048 பிட் என்றால் 617 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதன் இரண்டு காரணிகளை யாராவது கண்டுபிடித்துவிட்டால், அந்த இயக்குநர் பெயரில் எந்தக் காகிதத்திலும் அவர் கையொப்பமே விழும். பேனாவால் போட்ட போலிக் கையெழுத்தையாவது நிபுணர் பார்த்துச் சொல்லலாம். இங்கே போலிக்கும் அசலுக்கும் வித்தியாசமே இருக்காது.

நம் நிரல் அந்த 617 இலக்க எண்ணை உடைக்க எவ்வளவு காலம் பிடிக்கும்? வருடத்துக்கு மூன்று கோடியே பதினைந்து லட்சம் நொடிகள். நொடிக்கு ஒரு கோடி வகுத்தல். கணக்குப் போட்டால் ஒன்றுக்குப் பின்னால் 290-க்கும் மேற்பட்ட பூச்சியங்கள் போட்ட அத்தனை ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள்தான், பதினோரு இலக்கம்.

அப்பாடா என்று உட்கார்ந்துவிடவும் கூடாது. 1977 ஆகஸ்ட்டில் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, உடைப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவித்தார். கோடானுகோடி ஆண்டுகள் பிடிக்கும் என்ற மதிப்பீடும் கூடவே வந்தது. 1994 ஏப்ரலில் அது உடைந்தது. சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை இணையம் வழியாகச் சேர்த்து உழைத்தார்கள். வெறும் கணினி பலத்தால் அல்ல, சல்லடை முறை என்ற நல்ல வழிமுறையாலும்தான். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று உடைந்தது. அதே 1994-ல் பீட்டர் ஷோர், குவாண்டம் கணினி என்று ஒன்று வந்தால் காரணி காண்பது எளிதாகிவிடும் என்று காட்டினார். 2001-ல் அப்படியொரு சின்னக் குவாண்டம் கணினி 15-ஐ 3 × 5 என்று பிரித்தது. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் சிரிக்கவில்லை. குவாண்டம் கணினிக்கும் அசையாத புதிய பூட்டுகளுக்கான தரங்களை 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்டுவிட்டது.

காரணி காண்பது கடினம் என்று இதுவரை யாரும் நிறுவவில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். பலர் முயன்றார்கள், எளிய வழி கிடைக்கவில்லை, அவ்வளவே. கோடிக்கணக்கான ரூபாய் ஒப்பந்தங்களின் கையொப்பம் நிற்பது ஒரு நிரூபணத்தின் மேல் அல்ல, இதுவரை கிடைத்த தோல்விகளின் மேல். வணிகத்தில் இதற்குப் பெயர் இடர். இடரை அளக்கவேண்டியது காமர்ஸ் படித்தவர்களின் வேலை. ஒரு பூட்டு எதனால் பூட்டாக இருக்கிறது என்று தெரியாதவரால் அதன் இடரை அளக்க முடியாது. அதனால்தான் அந்த எட்டு வரியை மனப்பாடம் செய்யாமல் ஒருமுறையாவது சொந்தமாக எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எழுதிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு சின்ன வேலைகள். ஒன்று: 0-ஐக் கொடுத்தால், -36-ஐக் கொடுத்தால் உங்கள் நிரல் என்ன சொல்கிறது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பாருங்கள். இரண்டு: ஒரு எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். 6-க்கு 1 + 2 + 3 = 6, அதே எண் திரும்பி வருகிறது. அடுத்து அப்படி வருவது 28. பத்தாயிரத்துக்குள் இன்னும் இரண்டு இருக்கின்றன. நிரலில் இரண்டொரு வரி சேர்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.